முதற்பலனாகப் போன சூரியகாந்தி

என் மகனுக்கு, மம்மி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மெட்டுகுடாவில் ஆட்டோ ஏறினால் காஞ்சன்பாக்கில் இறங்கிவிடலாம், இதற்குப் போய் ஏழெட்டுப் பக்கத்துக்குத் தபாலா என்று தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. போனில் சொல்லலாம் என்றால், நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ ஐந்து முறை "ஹவ் மம்மி, ஹவ்" என்று செகந்திராபாத் 'ஆமாம்' போட்டுப் போனை வைத்துவிடுவாய். தமிழில் எழுதினால் அப்படி ஓட்டிவிட முடியாது, எழுத்துக் கூட்டிப் படித்தே ஆக வேண்டும். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உனக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாட்டுக்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். படித்து முடித்ததும் சௌஜன்யாவுக்கும் தெலுங்கில் சொல்லிக் காட்டு. மாமியாரைப் பற்றிக் கெட்டதாக வருகிறதே என்று எதையும் விழுங்கிவிடாதே. கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இந்த வீட்டில் நடந்தது தெரியத்தான் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை பேசும்போது நீ இரண்டு விஷயம் சொன்னாய். சௌஜன்யாவுக்குக் கிடைத்திருக்கிற குவார்ட்டர்ஸில் பின்பக்கம் நல்ல மண் தரை இருக்கிறது, வேப்பமரத்தில் கிளிகள் வந்து உட்காருகின்றன, அவற்றுக்காகச் சூரியகாந்தி போடப் போகிறோம், எப்படிப் போடுவது என்று கேட்டாய். அடுத்து, "மம்மி, நீங்க வந்து எங்ககூடவே இருங்க. உங்களுக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணிட்டோம்" என்றாய். அப்பாவும்தானே என்று கேட்டேன். "அவரு அங்கயே இருக்கட்டும் மம்மி. ரயில்வே ஷெட் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, வாக்கிங் இருக்கு. இங்க வந்து எதுக்கு சும்மா கஷ்டப்படணும்?" என்றாய். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அப்பா அதே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நீ போனை வைத்த பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாணித் தொலியை ஒதுக்கிவிட்டு அவர் கேட்டது என்ன தெரியுமா? "காஞ்சன்பாக்குல செம்மண்ணா, கரிசலான்னு கேட்டியாட்டி?" அவ்வளவுதான். ஏன் என்னை வேண்டாம் என்கிறான் என்று கேட்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் மட்டும் இந்த வீட்டில் இருக்கட்டும் என்று நீ சொன்னதற்குக் காரணம் அவர் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மழை இரண்டு மூன்று முறை விழுந்து மண்ணின் சூடு அடங்கிய பிறகு போட வேண்டும். கடையில் கொறிக்க விற்கிற உப்புப் போட்ட விதை முளைக்காது, கிளிக்குத் தீனி விற்கிற கடையில் வரி போட்ட பெரிய விதையாக வாங்கு. பாதி விரல் ஆழம் போதும், ஒரு முழத்துக்கு ஒன்று. முளை வந்ததும் மைனாவும் அணிலும் பிடுங்கிப் போட்டுவிடும், அதனால் நாலு இலை விடும்வரை பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊன்றாதே, பத்துப் பதினைந்து நாள் விட்டு விட்டு ஊன்றினால் கிளிகளுக்கு இரண்டு மாதம் சாப்பாடு ஓடும். பூ முற்றினால் கிழக்கே பார்த்து நின்றுவிடும், ஆகவே வீட்டுக்கு மேற்கே போட்டால்தான் ஜன்னலிலிருந்து அதன் முகம் தெரியும். பூச்சி மருந்து அடிக்கவே கூடாது. இதழ் உதிர்ந்து, தலை தொங்கி, பின்பக்கம் மஞ்சளாகிப் பழுப்பாகும்போது செடி பார்க்கச் சகிக்காது, விருந்தாளி வந்தால் வெட்டிப் போடலாமா என்றிருக்கும். தொடாதே. கிளிக்குப் பந்தி அப்போதுதான் ஆரம்பம். இதில் ஒரு வரிகூட என் சரக்கு இல்லை. எல்லாம் உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. நடுவில் இரண்டு தடவை "கூடையைச் சொன்னியா, மறந்துராத" என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்.

உனக்குப் பதினொரு வயதில் நீ போட்ட முதல் சூரியகாந்தி உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. பாக்கெட் தீனி வாங்கி மாடியில் கிளிகளுக்குப் போட்டாய், அதில் ஒரு விதை என் கறிவேப்பிலைத் தொட்டியில் விழுந்து முளைத்தது. உடனே ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் யார் வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் போய் நின்று காலி பெயிண்ட் வாளி கேட்டாய். "அங்கிள், ஏ பக்கெட் மேரேகு தேதேவ்" என்று நீ கெஞ்சினதை அந்த பெயிண்டர் எனக்கு நடித்தே காட்டினான். எட்டு வாளி சேர்ந்தது. உன் அப்பா ஷெட்டிலிருந்து களைத்து வந்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு வாளிக்கும் அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். இதை மட்டும் நீ மறந்துபோனாய் என்று நினைக்கிறேன். நீ வாளிக்கு ஒன்றிரண்டாக விதை ஊன்றிப் பெயர் எழுதினாய், யாரும் தொடக்கூடாது என்று வீட்டுக்கே சட்டம் போட்டாய். "இது நமக்கு இல்ல மம்மி, பேர்ட்ஸுக்கு" என்று என்னிடம் விரலை நீட்டிச் சொன்னாய்.

பூத்தது பார், நம் சந்தில் அப்படி ஒரு மஞ்சளை யாரும் பார்த்ததில்லை. முதலில் தேன்சிட்டு வந்தது, விதை பிடித்ததும் கிளிகள் வந்தன. பூவின் மேல் உட்கார்ந்து, தலைகீழாகக் குனிந்து, ஒவ்வொரு விதையாகப் பிடுங்கித் தின்றுவிட்டுத் தொலியையும் எச்சத்தையும் நேராகப் பக்கத்து லட்சுமி ஆன்ட்டி வீட்டுக் கொடியில் காய்கிற துணி மேல் போட்டன. அவள் தினமும் சுவரோரம் வந்து நின்று, "ஏமண்டி, மீ சிலகலு மா பட்டலன்னீ பாடு சேசாயி" என்று, நம் கிளிகள் பாழாக்கிய துணியைத் தூக்கிக் காட்டுவாள். ஒரு நாள் வேலை முடிந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாத உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு வந்ததே கோபம். "இந்தச் சனியனை எல்லாம் ஒரு நாள் வெட்டி எறிஞ்சிருதேன்" என்று கத்தினார். நீ மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் கத்திவிட்டு அரை மணி நேரத்தில் லட்சுமி ஆன்ட்டி வீட்டுக் கொடிக்கு மேலே தார்ப்பாய் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கத்தினதை நீ கேட்டாய், தார்ப்பாயை நீ பார்க்கவில்லை.

அந்த வாரமே உனக்குச் சிக்கன் பாக்ஸ் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம், வேப்பிலை மேல் படுக்க வைத்திருந்தேன். காலையில் கண் திறந்ததும் "கிளி வந்துச்சா மம்மி?" என்பாய். வந்தது என்பேன். "எவ்ளோ?" என்பாய். நான் மேலே போய் எண்ணிக்கொண்டு வந்து சொல்வேன்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். நம் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும், உனக்குத் தெரியும். அவரவர் வீட்டில் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், ஆராதனை முடிந்ததும் ஏலம். செகந்திராபாத்தில் யாருக்கு வயல் இருக்கிறது? எல்லாரும் சனிக்கிழமை மோண்டா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழைத்தாரும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முதற்பலன் என்று வைத்துவிட்டு வருவோம். நானே இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், என் ஆயுசில் ஒரு கதிரை அறுத்ததில்லை. ஆனாலும் கம்பவுண்டு வீட்டுக்காரர்கள் சிலர் சொந்தத் தோட்டத்து முருங்கைக்காய், சீத்தாப்பழம் என்று கொண்டுவந்து வைக்கும்போது, "இது எங்க வீட்டுது" என்று சத்தமாகச் சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்ல மாட்டேன், எரியும். கூடையில் மார்க்கெட் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் கடைசி வரிசையில் நின்றிருப்பேன்!

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளியை எண்ண மாடிக்குப் போனேன். பதினொரு தலை, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், விதை நெருக்கமாகக் கோர்த்து நின்றது. கிளிகள் ஓரத்தை மட்டும்தான் தொட்டிருந்தன. எனக்குப் புத்தி கெட்டுப்போனது. கீழே வந்து அருவாமனையை விட்டுவிட்டுக் கறி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினொன்றையும் அறுத்துக் கூடையில் அடுக்கினேன். படியில் இறங்கும்போது உன் அப்பா எதிரே வந்தார். கூடையைப் பார்த்தார். "ஏட்டி, பிள்ளைட்ட கேட்டியா?" என்றார். "அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன். ஆண்டவருக்குத்தானே கொண்டுபோறேன்" என்றேன். ஆண்டவர் என்னிடம் கேட்டாரா என்ன? பெருமை எனக்கு வேண்டியிருந்தது, அவர் பெயரைச் சொல்லி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு முன்வரிசையில் நின்றேன். போதகர் ஐயா கூடையைத் தூக்கிச் சபைக்குக் காட்டி, இது யார் வீட்டில் விளைந்தது என்று கேட்டார். "எங்க வீட்டு மாடியில விளைஞ்சது ஐயா" என்று நான் சொன்ன சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். யார் வளர்த்தார்கள் என்று சொல்லவில்லை. ஏலத்தில் யாரோ எடுத்தார்கள், வரவேற்பறையில் அழகுக்கு வைப்பதற்காம். நான் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வந்ததும் நீ படுக்கையிலிருந்து கேட்டாய், "கிளி வந்துச்சா மம்மி?" "வந்துச்சுய்யா" என்றேன். "எவ்ளோ?" என்றாய். ஏழு என்று சொன்னேன். நாலு நாள் அப்படி வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு நீயே படியேறிவிட்டாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து நீ அழுத அழுகை லட்சுமி ஆன்ட்டி வீட்டுக்கே கேட்டு, அவள் பதறிப்போய் வெளியே வந்தாள். இறங்கி வந்து, உடம்பெல்லாம் காய்ந்த தழும்போடு நடுவீட்டில் நின்று, "யாரு கட் பண்ணது?" என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன், ஆனால் சத்தம் வரவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார். "நாந்தாம்ல வெட்டுனேன். அந்த அம்மா தெனமும் வந்து சண்டைக்கு நிக்கா, என்ன செய்யச் சொல்லுத?" என்றார். நீ ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அறுத்தவளிடமே வந்து அழுதாய், நானும் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அன்றைக்கு அவரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சீக்குப் பிள்ளை, உன்னையே ஒட்டிக்கிட்டுக் கிடக்கான். இப்போ அவனுக்கு நீ வேணும். நான் பகல் பூரா ஷெட்லதானே கிடக்கேன், என்மேல கோவப்பட்டா ஒண்ணும் ஆயிராது. உடம்பு தேறட்டும், சொல்லிக்கலாம்" என்றார். உடம்பு தேறியது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன், ஹாஸ்டலிலிருந்து வரட்டும் என்றேன், வேலை கிடைக்கட்டும் என்றேன். கோயிலில் யாராவது அந்தச் சூரியகாந்திப் பேச்சை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு வருஷம் உன் கையைப் பிடித்து ஆசீர்வாதம் முடிந்ததும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் ஒரு தடவைகூட என்னை அவசரப்படுத்தவில்லை, சண்டையில்கூடக் குத்திக் காட்டவில்லை.

அந்த நாளிலிருந்து நீ அவரை டாடி என்று கூப்பிடவில்லை. "சொல்லுங்க", "வந்துட்டாரு", "அவர்ட்ட குடுங்க" என்று பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாய். பத்தாவது ரிசல்ட்டை என் காதில் சொன்னாய், அவர் பக்கத்து அறையிலிருந்து தெரிந்துகொண்டார். மறு வருஷமே அவர் வாளிகளைக் கழுவி விதை ஊன்றினார், அன்றிலிருந்து ஒரு வருஷம் தப்பவில்லை. நீ என்ன சொன்னாய்? "கில்ட் மம்மி, கில்ட்ல போடறாரு" என்று சிரித்தாய். மாடிக்கு வந்து பார்க்கக்கூட மாட்டாய். நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணத்தன்று கோயில் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அவருக்குக் கை கொடுத்து "தேங்க்ஸ்" என்றாய். அவர் அந்தக் கையை விடாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார், நீ போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் பெற்றவள், ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் புதிதாகக் குடும்பம் நடத்தப் போகிறீர்கள். ஒரு நாள் சௌஜன்யா உனக்காக ஏதோ ஒரு பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள், அல்லது நீ அவளுக்காகப் போட்டுக்கொள்வாய். அன்பாக இருக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் யாருக்காகச் செய்தார்களோ அவர் அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் போய் உண்மையைச் சொல்லி இறக்கிவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் சொல்ல இரண்டு மடங்கு தைரியம் வேண்டும், இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். சுமக்கிறவர் சத்தம் போடவில்லை என்பதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துக்கொண்டுதான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பதறிப்போனார். "வேண்டாம்ட்டி. இப்போதான் உன்னைக் கூப்பிட்டிருக்கான், நீ போய் அவன்கூட நிம்மதியா இரு. எனக்குப் பழகிட்டு. அவன் உங்கூடப் பேசாம இருந்தான்னா உனக்குத் தாங்காது" என்றார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது நான் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

ஆகவே ஐயா, ஞாயிற்றுக்கிழமை சௌஜன்யாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன், வீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார். கூப்பிட்டால் இரண்டு பேரையும் கூப்பிடு, இல்லாவிட்டால் அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போ, உன் பின்பக்க மண்ணை அவர்தான் பார்க்க வேண்டும். என்மேல் கோபம் வரும், வரட்டும். நீயாகக் கூப்பிடும்வரை நான் போன் செய்ய மாட்டேன், அது எத்தனை நாளானாலும் சரி. எனக்குத் தாங்காது என்கிறார் அவர். தாங்கும்.

மம்மி